ஆறுச்சாமி கிணற்றின் பதினான்கு பைகள்

எங்கள் கம்பெனியில் ஆறுச்சாமி அண்ணன் நம்பியது ஒன்றே ஒன்றைத்தான்: செக்கிங் டேபிளுக்கு மேலே தொங்கும் டியூப்லைட். அதையும் காலையில் வந்ததும் துணியால் துடைத்து, இரண்டு தடவை போட்டு அணைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்புவார்.

திருப்பூர் வீரபாண்டியில் உள்ள அந்தப் பனியன் கம்பெனியில் பதினோரு வருஷமாக நான் அவருக்கு அடுத்த டேபிள். என் பெயர் அனுசுயா, சொந்த ஊர் சாத்தூர். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் நூல் வெட்ட அவரிடம் கத்தரி கேட்டேன். "சாத்தூர்ல எந்தத் தெருவுங்க?" என்றார். சொன்னேன். பத்து நாள் கழித்து, எங்கள் ஊர்ப்பக்க லாரி டிரைவர் ஒருவரிடம் விசாரித்து, அப்படி ஒரு தெரு இருக்கிறது என்று உறுதியான பிறகு கத்தரியை நீட்டினார். அதற்குள் நான் சொந்தமாகவே ஒன்று வாங்கியிருந்தேன்.

வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. நாங்கள் பார்த்து நல்லது என்று தள்ளிய பீஸில் ஊசிமுனை அளவு ஓட்டையைக் கண்டுபிடிப்பார். ஆனால் அந்தக் கண்ணை அவர் கம்பெனியோடு விட்டுவிட்டுப் போவதில்லை. பால்காரர் ஊற்றும் பாலை முகர்ந்து பார்ப்பார். கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்ததும் இலையைத் திருப்பிப் பார்ப்பார். அவருடைய மனைவி நிர்மலா அக்கா ஒருமுறை என்னிடம், "என்னையப் பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னால எங்க ஊருக்கு மூணு ஆளு உட்டு விசாரிச்சாருங்க அம்மிணி. மூணு பேரும் ஒரே மாதிரி நல்லவிதமாச் சொன்னதுல இன்னும் சந்தேகமாயிட்டாரு" என்றார்.

சும்மா வந்த குணம் இல்லை அது. முதலிபாளையத்துக்கு அப்பால் ஓடையோரத்தில் அவருக்கு மூன்று ஏக்கரும் ஒரு கிணறும் உண்டு. அவருக்குப் பத்தொன்பது வயதாகும்போது ஓடையில் சாயப்பட்டறைகளின் சாயத்தண்ணீர் வரத் தொடங்கியது. ஒருநாள் சிவப்பு, ஒருநாள் நீலம். அதைப் பாய்ச்சிய வயலும், அது ஊறிய கிணறும் உப்பாகின. தென்னைகள் மட்டை தொங்கி நின்றன. பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நான்கு தடவை அரசாங்க ஆட்கள் வந்து தண்ணீர் பிடித்துப் போனார்கள். முடிவு வரவில்லை. ஐந்தாவது தடவை வந்தவர் பாட்டிலைக்கூடத் திறக்காமல், "இந்த மண்ணே உப்பு மண்ணுதானுங்களே" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருஷம்தான் அண்ணன் பனியன் கம்பெனிக்கு வந்தார்.

கம்பெனியில் வேறொரு பாடம். சரக்கு வாங்குகிற பையரின் ஆள் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருவார். இந்தக் கார்ட்டன், அந்தக் கார்ட்டன் என்று நம்பர் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போவார். அவர் திரும்புவதற்குள் அந்த நம்பர் ஸ்டிக்கரை உரித்து, நல்ல பீஸ் இருக்கிற கார்ட்டனில் ஒட்டிவிடுவார்கள். ஒட்டச் சொல்வது மேனேஜர், ஒட்டுவது ஆறுச்சாமி அண்ணன். மடிப்பில்லாமல் ஸ்டிக்கர் உரிக்க அவர் விரலுக்குத்தான் வரும். உலகமே ஸ்டிக்கரை மாற்றி ஒட்டித்தான் நடக்கிறது என்று அவர் நினைத்ததில் தப்பு சொல்ல முடியுமா?

போன வருஷம் அவருடைய பக்கத்துத் தோட்டத்துக்காரர் குமாரசாமி, கிணறு கெட்ட ஏழு பேரைச் சேர்த்து மனுப் போட்டார். அதை விசாரிக்க ஒரு குழு அமைந்தது. சாயக்கழிவால் கெட்டது என்று குழு பட்டியலில் ஏற்றும் கிணறுகளின் தோட்டங்களுக்கு நல்ல தண்ணீர் பைப்லைன் வரும், மண்ணையும் சீர்செய்து தருவார்கள். எதிர்த்தரப்பு வக்கீலிடம் இருந்தது ஒரே வாதம்: இது ஆதியிலிருந்தே வறண்ட பூமி, உப்பு இந்த மண்ணுக்குள்ளேயே இருக்கிறது, சாயப்பட்டறைகள் மேல் பழி போடாதீர்கள். இந்த வாதம் ஜெயித்தால் ஏழு தோட்டமும் அவ்வளவுதான்.

இந்த நேரம் பார்த்துத்தான் தமிழ்மதி வந்தாள். ஏதோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிற பெண், இருபத்தெட்டு வயது இருக்கும். மற்ற ஆறு பேரும் கிணற்றுக்குக் கல்கட்டு கட்டியிருந்தார்கள், அல்லது போர்வெல் போட்டிருந்தார்கள். ஆறுச்சாமி அண்ணன் கிணற்றில் மட்டும் கிழக்குச் சுவர் பதினான்கு அடிக்குக் கட்டாத வெறும் மண்ணாக, வெள்ளை வெள்ளையாகச் சுக்கான் கல் துருத்திக்கொண்டு நின்றது. அதில் அடிக்கு ஒரு பை வீதம் பதினான்கு பை மண்ணும் கல்லும் எடுத்துக்கொள்ளவா என்று கேட்டாள். கூடவே குமாரசாமி கேட்டுக்கொண்டதால் உப்பையும் அளந்து தருவதாகச் சொன்னாள்.

"எதுக்குங்க?" என்றார் அண்ணன். அந்த ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்காய் வாங்கப் போயிருந்த நானும் பக்கத்தில் இருந்தேன்.

"பழைய காலத்து மழையைக் கண்டுபிடிக்கத்தாங்கய்யா. மழை மண்ணுல இருக்கிற சுண்ணாம்பைக் கரைக்கும். வெயில் அந்தத் தண்ணியை உறிஞ்சிட்டா சுண்ணாம்பு இப்படிக் கட்டியா தங்கிடும். அப்போ பெய்ஞ்ச மழை எவ்வளவு, வளர்ந்தது புல்லா மரமா, எல்லாம் இந்தக் கல்லுக்குள்ள பதிஞ்சிருக்கும். மேல இருக்கிறது புதுசு, கீழ போகப் போகப் பழசு."

"எத்தன பழசுங்க?"

"இருபதாயிரம் வருஷம் இருக்கலாம். அப்போ உலகத்தோட வடக்குப் பக்கமெல்லாம் பனி மூடிக் கிடந்துச்சு. நம்ம தென்மேற்கு மழை ரொம்பக் குறைஞ்சு போச்சு. அப்புறம் பனி உருகி, ஒன்பதாயிரம் வருஷத்துக்கு முன்னால இங்க நல்ல மழைக்காலம்."

"அந்த மழைக்கு ரசீது இருக்குதுங்களா?"

"இந்தக் கல்லுதாங்கய்யா ரசீது."

"ரசீத யாரு வேணா எழுதலாமுங்க."

அவள் சிரித்தாள். கோபப்படவில்லை. கிணற்றின் அடியில் தெரிந்த பாறையைக் காட்டி, அதற்கு இருநூற்றைம்பது கோடி வயது என்றாள். முப்பது கோடி வருஷத்துக்கு முன்னால் இந்த நிலமே தென் துருவத்துக்குப் பக்கத்தில் இருந்தது, இந்தியாவின் பல பகுதிகள் பனிக்கட்டிக்கு அடியில் கிடந்தன, பிறகு மெல்ல நகர்ந்து இங்கே வந்தோம் என்றாள். டைனோசர்கள் இருந்த காலத்தில் துருவத்திலேயே பனி அதிகமில்லையாம். பூமி குளிர்ந்தும் சூடேறியும் எத்தனையோ தடவை மாறியிருக்கிறதாம். எனக்கு வாய் பிளந்துவிட்டது. பனியன் தைக்கிற ஊர் பனிக்கட்டிக்குப் பக்கத்திலா! அண்ணன் மட்டும், அரைக்கால் இஞ்ச் அளவு தவறிய பீஸைப் பார்ப்பதுபோல அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவள் அந்த வார்த்தையைச் சொன்னாள். "வறட்சிக் காலம் நீண்டா மண்ணுல உப்பு தானாவும் தங்கும்யா."

அண்ணனின் முகம் மாறியதை நான் பார்த்தேன். 'தானாவும்.' எதிர்த்தரப்பு வக்கீலின் பேச்சு அவள் வாயிலிருந்து வருகிறதே! சரியாக அந்த நேரத்தில் அவளுடைய உதவியாளன் கிணற்றுப் படியில் ஏறி வந்தான். அவன் போட்டிருந்த டி-ஷர்ட்டின் முதுகில், ஒரு சாயப்பட்டறையின் பெயரும் கிரிக்கெட் போட்டி என்ற எழுத்தும் இருந்தன.

அண்ணனுக்கு அது போதும். பைகள் ஈரமாக இருந்ததால் இரண்டு நாள் காயட்டும் என்று மோட்டார் ரூமில் வரிசையாக வைத்துவிட்டுத் தமிழ்மதி போனாள். ஒவ்வொரு பைமேலும் ஸ்டிக்கர். மேலிருந்து கீழாக ஒன்று முதல் பதினான்கு வரை. திங்கட்கிழமை அண்ணன் லீவு போட்டார்.

செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் என்னிடம் சொன்னார். "அந்தப் புள்ள சாயப்பட்டறக்காரங்க அனுப்புன ஆளுங்க அம்மிணி. நம்பரை மாத்தி உட்டுட்டேன். கணக்கே வராது பாருங்க. ரிப்போர்ட்டு குப்பைக்குத்தான் போவோணும்."

"எப்படிண்ணே சொல்றீங்க, அவங்க அனுப்புன ஆளுன்னு?"

"அந்தப் பையன் பனியனப் பாத்தீங்கல்லொ?"

நான் அன்றைக்குப் போட்டிருந்த, ஏற்றுமதியில் மிஞ்சிய சர்ப்ளஸ் டி-ஷர்ட்டில் ஏதோ ஒரு வெளிநாட்டுத் தீயணைப்பு நிலையத்தின் பெயர் இருந்தது. அதைக் காட்டி, "அப்போ நான் தீ அணைக்கிறவளாண்ணே?" என்றேன். திருப்பூரில் ஒருவன் முதுகில் இருக்கிற எழுத்தை வைத்து அவன் யார் என்று முடிவு செய்கிற மனுஷன் இவர் ஒருவராகத்தான் இருப்பார். அதுவும் முப்பத்தெட்டு வருஷம் பனியனையே பார்த்த மனுஷன்! அவர் டீயை முகர்ந்து பார்த்துவிட்டுக் குடித்தார். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். யாரிடமாவது சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. அதற்காக இன்றைக்கும் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலையில் அண்ணனிடமிருந்து போன். "அந்தப் புள்ள வந்துருக்குதுங்க. சித்த வந்துட்டுப் போங்க அம்மிணி." அவர் குரலில் எப்போதும் இருக்கிற அந்த விசாரணைத் தொனி இல்லை. நான் போனபோது குமாரசாமியும் அங்கே நின்றிருந்தார், கையில் ஒரு காகிதத்தோடு. அது உப்புக் கணக்கு. கீழே போகப் போக உப்பு கூடுகிறது என்று அதில் இருந்தது. அதாவது மண்ணுக்கடியில் ஆதியிலிருந்தே இருக்கிற உப்பு. விசாரணைக்கு ஐந்து வாரம்தான் பாக்கி.

"நம்ம வாயால கேட்டு வாங்கி, நம்ம தலையில நாமளே மண்ணப் போட்டுக்கிட்டமுங்க" என்றார் குமாரசாமி.

தமிழ்மதி ரொம்ப மெலிந்து போயிருந்தாள். அவளுக்கு வேறு கஷ்டம். "ஐயா, வயசு தலைகீழா வருது. மேல் பையில இருபத்திரெண்டாயிரம் வருஷம், அடிப் பையில மூவாயிரம். நடுவுல ஒண்ணுகூட வரிசை தப்பல, அப்படியே கவுத்து வச்ச மாதிரி இருக்கு. நான்தான் நம்பரைத் தலைகீழா ஒட்டிட்டேன்னு எங்க கைடு சொல்றார். மூணு வருஷ வேலையைத் தூக்கிப் போடச் சொல்றார். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நான் சரியாத்தான் ஒட்டினேன்." பிறகு கேட்டாள். "இங்க இருந்த ரெண்டு நாள்ல யாராவது பையைத் தொட்டாங்களாய்யா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. அண்ணனால் ஒரு வேலையை அலங்கோலமாகச் செய்ய முடியாது. கன்னாபின்னாவென்று மாற்றியிருந்தால் ரிப்போர்ட் அவர் நினைத்தபடி குப்பைக்குப் போயிருக்கும். அவர் ஒன்றாம் நம்பரைப் பதினான்கில், இரண்டைப் பதின்மூன்றில் என்று மடிப்பில்லாமல் வரிசையாகக் கவிழ்த்திருக்கிறார். மேல் மண்ணில் படிந்த சாய உப்பு காகிதத்தில் பாதாளத்துக்குப் போய்விட்டது.

"யாரும் தொடலீங்க" என்றார் அண்ணன்.

"சரிங்கய்யா. தப்பா எடுத்துக்காதீங்க, கேட்டிருக்கக் கூடாது" என்றாள் தமிழ்மதி. அவ்வளவுதான். மறு கேள்வி இல்லை, அவர் முகத்தைக்கூட உற்றுப் பார்க்கவில்லை. சுவரை மறுபடியும் ஒருமுறை பார்க்கிறேன் என்று படியில் இறங்கத் தொடங்கினாள்.

அவள் நம்பிவிட்டாள். அண்ணன் சொன்ன ஒரு வார்த்தையை அப்படியே வாங்கிக்கொண்டு போகிறாள். அவருக்கு அது தாங்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்லிவிடுங்கள் என்று நான் தலையை ஆட்டினேன்.

"அம்மிணி, ஏறி வாங்க" என்று தமிழ்மதியைக் கூப்பிட்டார். "நான்தானுங்க மாத்துனேன். அத்தனையும் நான்தான்."

குமாரசாமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் கத்தினார். "ஏனுங்க ஆறுச்சாமி, நல்லா இருப்பீங்களா நீங்க? ஏழு குடும்பமுங்க! உங்கள நம்பி ஏழு குடும்பமுங்க!" இந்த ஊர்க்காரர்கள் வயிறெரிந்து திட்டும்போதும் 'ங்க'வை விடுவதில்லை. வேறு சமயமாக இருந்தால் நான் கிண்டல் செய்திருப்பேன்.

தமிழ்மதி படியிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். பிறகு துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை எடுத்து, நம்பர்களைத் திருப்பி எழுதினாள். வயது வரிசையாக வந்தது. உப்பும் மேலே ஏறி வந்தது: மேல் நாலடியில் கொட்டிக் கிடக்கிறது, அதற்குக் கீழே படிப்படியாகக் குறைந்துகொண்டே போகிறது. இருபதாயிரம் வருஷத்துக்கு முந்திய அந்தப் பெரிய வறட்சியின் மண்ணில்கூட உப்பு சொற்பம்தான். உப்பு மேலிருந்து வந்தது. ஓடையிலிருந்து வந்தது.

"அப்பறம் என்னங்க, இதையே குடுத்தர்லாமுங்களே!" என்றார் வீட்டு வாசலில் நின்ற நிர்மலா அக்கா.

"குடுக்க முடியாதும்மா" என்றாள் தமிழ்மதி. "கிணத்துக்காரரே நம்பரை மாத்தினாருன்னு நான் எழுதித்தான் ஆகணும். மறைக்க மாட்டேன். வேணும்னா மறுபடி எடுக்கலாம். குழுவோட ஆளை வச்சு, சீல் வச்சு எடுக்கலாம்."

"எடுத்து?" என்றார் குமாரசாமி. "அதே கெணறு, அதே ஆளு. ஒருக்கா மாத்துனவன் மறுக்கா மாத்த மாட்டானான்னு அந்த வக்கீலு கேப்பான். கேட்டா நாம என்னங்க சொல்றது?"

சுவரில் மண் தெரிகிற வேறு கிணறும் அங்கே இல்லை. அண்ணன் மோட்டார் ரூம் சுவரில் சாய்ந்து நின்றார். அவர் யோசிக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் துணியைத் தடவுவதுபோல உரசிக்கொண்டே இருக்கும். பிறகு நிமிர்ந்தார்.

"மனுவுல இருந்து என்ற பேர எடுத்துருங்க."

"என்னது?"

"நானா இருந்தா அப்பிடித்தானுங்க பாப்பேன். இந்தக் கெணத்தால இவனுக்கு என்ன லாபம்னு. மனுவுல பேரே இல்லாதவன் கெணறுன்னா? பைப்பும் வேண்டாம், பட்டியலும் வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டவன் எதுக்குங்க பொய் சொல்லப் போறான்? அந்த வக்கீலு எந்தப் பக்கம் திருப்பிப் பாத்தாலும் ஓட்டை தெரியாது."

"அப்ப நம்ம தோட்டத்துக்குத் தண்ணி?" என்று கேட்டார் நிர்மலா அக்கா.

அவர் அக்காவைப் பார்க்காமலேயே சொன்னார். "நம்மளுக்கு இல்லீங்க." முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனைவிக்கு அவர் 'ங்க' போட்டு நான் கேட்டது அந்த ஒருமுறைதான். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் குழுவின் ஆள், எதிர்த்தரப்பின் ஆள், தமிழ்மதி எல்லோரும் வந்தார்கள். அண்ணன் எழுதிக்கொடுத்த காகிதத்தைக் குழுவின் ஆள் சத்தமாகப் படித்தார். முதல் பைகளில் நம்பரை மாற்றியதையும் அதில் அண்ணன் எழுதியிருந்தார். கிணற்றருகே அண்ணன் வந்தபோது குமாரசாமி, "நீங்க அக்கட்டால போய் நில்லுங்க" என்றார். அந்தப் பக்கம், வேலிக்கு வெளியே, ரோட்டில். தன் கிணற்றில் தன் சுவரைச் சுரண்டுவதைப் பார்க்க அவருக்கு அனுமதி இல்லை. அவர் போய் நின்றார். நல்ல வெயில். ஒவ்வொரு பையின் சீலிலும் எந்தத் தரப்பையும் சேராத ஒரு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். இங்கே ஒரு முழம் நிலம்கூட இல்லாத சாத்தூர்க்காரி நான் பதினான்கு கையெழுத்துப் போட்டேன்.

முடிந்து நான் வெளியே வந்ததும், "எல்லாஞ் சரியா இருந்துச்சுங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

"சரியா இருந்துச்சுண்ணே."

வழக்கமாக நான் தள்ளிய பீஸை அவர் திரும்பவும் எடுத்துப் பார்ப்பார். அன்றைக்கு, "சரிங்க" என்றார்.

அவசரமாகச் சோதித்ததில், விசாரணைக்கு முன்பே முடிவு அப்படியே வந்தது. உப்பு மேலே, வறட்சிக் காலம் கீழே, நடுவில் மழைக்காலம். எதிர்த்தரப்பு வக்கீல் கிணற்றுக்காரரைக் கூப்பிட்டு, இதனால் உனக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டார். ஒன்றும் கிடைக்காதுங்க என்று அண்ணன் சொன்னார். அதற்குமேல் கேட்க வக்கீலிடம் கேள்வி இல்லை. ஆறு கிணறுகள் பட்டியலில் ஏறின. தமிழ்மதியின் ஆராய்ச்சியும் பிழைத்தது. அந்தக் கல்லின் படம் ஒன்றை அவள் அனுப்பியிருந்தாள். இது நம்ம கிணற்றுக் கல்தானா என்று அண்ணன் அதை என்னிடம் நாலு தடவை கேட்டார். குணம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

போன மாதம் பைப் பதித்தார்கள். குமாரசாமி தோட்டத்துக்குப் போகிற குழி அண்ணனின் வேலியை ஒட்டியே போகிறது. நான் அங்கே இருந்தபோது, குழி தோண்டிய காண்ட்ராக்ட் ஆள், தொங்கிப்போன தென்னைகளையும் வெளுத்துக் கிடந்த மண்ணையும் பார்த்துவிட்டு அண்ணனிடம் கேட்டான்.

"ஏனுங்க, இருக்கறதுலயே உங்க தோட்டந்தான் ரொம்பக் கெட்டுக் கெடக்குது. உங்களுக்கு மட்டும் ஏன் லைன் இல்லீங்க?"

"நான் சாட்சிங்க" என்றார் ஆறுச்சாமி அண்ணன்.

அந்த ஆள் நம்பவில்லை.